கார்பன் ஃபைபர் பானெட் போட்டால் காருக்கு நல்லதா, உயிருக்கு நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரில் கார்பன் ஃபைபர் பாகங்கள் பொருத்துவது பற்றி நண்பர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பானெட், டிக்கி மூடி, கூரை, ஃபெண்டர் போன்ற வெளித் தகடுகளைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் வெளித் தகட்டோடு பேச்சை நிறுத்த முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் ஊரில் "ஃபைபர் பம்பர்" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. நம் பட்டறைகளில் இரும்பு அல்லாத எல்லாமே "ஃபைபர்"தான். இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பஸ் முகப்பு, படகு, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றில் இருப்பது கண்ணாடி இழை, அதாவது ஃபைபர்கிளாஸ். கார்பன் ஃபைபர் என்பது மூன்றாவது சாதி. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி சூட்டில் காற்றில் பக்குவப்படுத்துகிறார்கள். அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். நூலின் எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 5 முதல் 7 மைக்ரான் தடிமனுள்ள கரி இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

அந்த இழையைத் துணியாக நெய்து, எபாக்ஸி ரெசினில் ஊறவைத்து, அச்சில் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கினால்தான் அது தகடு ஆகும். இழை இழுவையைத் தாங்கும். ரெசின் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும். இரண்டில் எது சரியில்லை என்றாலும் தகடு சரியில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உண்மையில் எவ்வளவு லேசு?

ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம். அலுமினியம் 2.7. ரெசினோடு சேர்ந்த கார்பன் தகடு 1.6 அளவில் இருக்கும். எஃகில் ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்டதும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு அப்படியே காருக்கு வராது. கார்பன் தகட்டை இரும்புத் தகட்டைவிடத் தடிமனாகச் செய்ய வேண்டும். உள்பக்கம் விறைப்புக்கு இன்னொரு சட்டம் வேண்டும், பூட்டும் கீலும் பொருத்த உலோகத் துண்டுகள் பதிக்க வேண்டும், மேலே பெயின்ட் வேண்டும். இதெல்லாம் போக, நன்றாகச் செய்த கார்பன் பானெட் இரும்பு பானெட்டின் எடையில் பாதிக்கு வந்தால் நல்ல வேலை என்பேன். சிறிய காரின் இரும்பு பானெட் 12 முதல் 15 கிலோ என்றால், மிச்சமாவது ஆறேழு கிலோ. பெரிய காரில் பத்து கிலோ.

சரி, மைலேஜ் கூடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் எடையில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. உங்கள் கார் 1,000 கிலோ, பானெட் மாற்றியதில் 10 கிலோ போயிற்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எடையில் 1 சதவீதம். அதாவது லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்த வண்டி 20.15 கி.மீ. கொடுக்கும். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய். பானெட்டுக்குப் பல பத்தாயிரங்கள் கொடுத்துவிட்டு இதை வசூலிக்கப் பேரன் காலம் வரை ஓட்ட வேண்டும். டயரில் காற்றைச் சரியாக வைத்து, டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கி வைத்தாலே இதே பலன், செலவில்லாமல்.

பிறகு கம்பெனிகளே ஏன் போடுகின்றன?

அவர்கள் போடும் இடத்தைக் கவனியுங்கள். பி.எம்.டபிள்யூ 2003-இல் எம்3 சி.எஸ்.எல். காருக்குக் கார்பன் கூரை போட்டது. மிச்சமானது சில கிலோதான். ஆனால் கூரைதான் காரின் உச்சி. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் காரின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கும், வளைவில் வண்டி சாய்வது குறையும். பானெட்டில் குறைத்தால் முன் சக்கரங்களின் சுமை குறையும், ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும். ரேஸ் டிராக்கில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்காக அடித்துக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கிண்டி மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மின்சாரக் கார்களில் காரணம் வேறு. பேட்டரியே இருநூறு கிலோவுக்கு மேல். அந்தச் சுமையை வேறெங்காவது ஈடுகட்டியாக வேண்டும். பி.எம்.டபிள்யூ ஐ3 பிறந்தது அந்தக் கணக்கில்தான். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

லேசான வண்டி மோதினால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடாதா?

எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இது. இதில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று எடை பற்றியது, மற்றது பொருள் பற்றியது.

எடை பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது. 1,000 கிலோ காரும் 2,000 கிலோ எஸ்.யு.வி.யும் நேருக்கு நேர், இரண்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி ஒட்டிக்கொண்டு நகர்கின்றன என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து எஸ்.யு.வி. வந்த திசையில் ஏறக்குறைய 17 கி.மீ. வேகத்தில் போகும். சிறிய காரில் இருப்பவரின் வேகம் ஒரு கண்ணிமைப்பில் 67 கி.மீ. மாறுகிறது. எஸ்.யு.வி.யில் இருப்பவருக்கு 33 மட்டுமே. லேசான வண்டிக்காரருக்குத்தான் அடி அதிகம். ஆனால் நீங்கள் பானெட் மாற்றி 10 கிலோ குறைத்ததால் இந்த 67 எவ்வளவு ஆகும்? 66.7 என்பது 66.9 ஆகும். அவ்வளவுதான். எனவே பானெட்டின் எடை குறைந்ததால் ஆபத்து என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். சுவரிலோ மரத்திலோ மோதும்போது லேசான வண்டி சுமந்து வரும் ஆற்றலும் கொஞ்சம் குறைவு, அது சாதகம்.

பொருள் பற்றிய பயத்துக்கு விடை வேறு. காரின் வெளித் தகடு என்பது சட்டை. உங்களைக் காப்பது சட்டை அல்ல, விலா எலும்பு. பானெட்டுக்குக் கீழே முன்பக்கம் நீண்டு கிடக்கும் இரண்டு சட்டக் குழாய்கள், கதவுக்கு முன்னும் பின்னும் நிற்கும் தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் விட்டம், கதவுக்குள் மறைந்திருக்கும் குறுக்குக் குழாய், இவைதான் எலும்புகள். மோதலின் ஆற்றலில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது இவையே. "அந்தக் காலத்து அம்பாசிடர் தகடு எவ்வளவு கனம் தெரியுமா, கையால் அமுக்கினாலும் பள்ளம் விழாது" என்று பெருமை பேசுவோம். தகடு கனமாக இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பவருக்காக நசுங்கிக் கொடுக்க அதில் எதுவும் திட்டமிடப்படவில்லை.

இரும்பு மடங்கும், கார்பன் உடையும் என்கிறார்களே? மடங்குவதுதானே பாதுகாப்பு?

முதலில், நசுங்குவதால் என்ன பயன் என்று பார்ப்போம். 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் கார் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால் உள்ளே இருப்பவர் சராசரியாக 98 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 98 மடங்கு அதிர்ச்சியை வாங்குவார். அதே கார் முன்பகுதி நசுங்கி 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் 16 ஜி. முதலாவதில் பிழைப்பது கடினம், இரண்டாவதில் பெல்ட் போட்டிருந்தால் இறங்கி நடந்து வந்துவிடலாம். வித்தியாசம் அந்த அரை மீட்டர்தான். முன்பகுதி ஒழுங்காக, மெதுவாக, கடைசி வரை ஆற்றலை விழுங்கிக்கொண்டே அழிய வேண்டும்.

இரும்பு இதை மடங்கிச் செய்கிறது. முன்சட்டக் குழாய் ஆர்மோனியப் பெட்டியின் துருத்திபோல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். கார்பன் மடங்காது. நன்றாக வடிவமைத்த கார்பன் குழாயை நுனியிலிருந்து அழுத்தினால் அந்த நுனி மட்டும் பொடிப்பொடியாக நொறுங்கும். பின்னால் இருப்பது அப்படியே நிற்கும். அப்புறம் அடுத்த மில்லிமீட்டர் நொறுங்கும், அதன்பின் அடுத்தது. இழைகள் அறுவது, ரெசின் வெடிப்பது, அடுக்குகள் பிரிவது, துகள்கள் உரசுவது என ஒவ்வொன்றும் ஆற்றலைத் தின்னும். சாதாரண எஃகுக் குழாய் கிலோவுக்கு 15 முதல் 20 கிலோஜூல் வரை விழுங்கும். அலுமினியம் 30 அளவில். நல்ல கார்பன் குழாய் 50-க்கும் மேல். 1,000 கிலோ கார் 50 கி.மீ. வேகத்தில் சுமக்கும் ஆற்றல் 96 கிலோஜூல். காகிதக் கணக்கில் அதை விழுங்க ஐந்து கிலோ எஃகு வேண்டும், அல்லது இரண்டு கிலோவுக்கும் குறைவான கார்பன்.

"நன்றாக வடிவமைத்த" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இழைகள் எந்தக் கோணத்தில் கிடக்கின்றன, எத்தனை அடுக்கு, குழாயின் நுனி எப்படிச் சீவப்பட்டிருக்கிறது என்பதில் ஒன்று பிசகினாலும் அதே குழாய் நுனியில் நொறுங்காமல் நடுவில் பட்டென்று முறியும். முறிந்தால் அந்த 50 கிலோஜூல் எல்லாம் போச்சு. இரும்பு இந்த விஷயத்தில் பொறுமைசாலி. கொஞ்சம் தப்பாகச் செய்தாலும் ஏதோ ஒரு விதத்தில் வளைந்து கொடுக்கும். கார்பன் தப்பை மன்னிக்காது.

இதெல்லாம் ஆய்வகக் கணக்கு. நிஜத்தில் யாராவது பிழைத்திருக்கிறார்களா?

ஃபார்முலா 1 பந்தயமே சாட்சி. 1981-இல் ஜான் பார்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்.பி.4/1 காரின் ஓட்டுநர் கூண்டு முழுக்கக் கார்பன் ஃபைபர். அதைச் செய்து கொடுத்தது ஒரு கார் கம்பெனி அல்ல, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ராக்கெட், விமானப் பாகங்கள் செய்த ஹெர்குலிஸ் நிறுவனம். மோதினால் தூள் தூளாகிவிடும் என்று அப்போது பந்தய வட்டாரத்திலேயே பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மோன்சா டிராக்கில் ஜான் வாட்சன் கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதினார். இன்ஜின் பிய்த்துக்கொண்டு தனியாகப் போயிற்று. கார்பன் கூண்டு அப்படியே இருந்தது. வாட்சன் எழுந்து நடந்து போனார். அடுத்த சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் கார்பனுக்கு மாறின.

நம்மவர் கதையும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டினார். அந்த ஆண்டு ஷாங்காய் பந்தயத்தில் அவருடைய கார் சுவரில் பலமாக மோதிச் சிதைந்தது. அவர் காயமில்லாமல் இறங்கினார். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஷான் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு நுழைந்ததை டி.வி.யில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 67 ஜி. கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கையில் தீக்காயங்களோடு அவரே ஏறி வெளியே வந்தார். தலையைக் காத்தது ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும், டைட்டேனியத்தால் ஆன ஹேலோ வளையம், உடலைக் காத்தது கார்பன் கூண்டு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்குக் கதை வேறு.

அது ரேஸ் கார். சாலையில் ஓடும் காரில்?

நியாயமான கேள்வி. ரேஸ் ஓட்டுநர் தலைக்கவசம் போட்டு, ஆறு முனை பெல்ட்டில் கட்டுண்டு, தன் உடல் அளவுக்கே வார்த்த இருக்கையில் படுத்திருக்கிறார். பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்கு தின்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சாலைக் காருக்கு நான் காட்டும் உதாரணம் ஐ3. 2013 முதல் 2022 வரை ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கார்கள் செய்தார்கள். கார்பன் காரை இத்தனை எண்ணிக்கையில் செய்தது அதுவரை நடக்காத காரியம். மூல நூல் ஜப்பானிலிருந்து வரும். அமெரிக்காவின் மோசஸ் லேக் என்ற ஊரில், மலிவான நீர்மின்சாரத்தில் அதைச் சுட்டுக் கரி இழையாக்குவார்கள். ஜெர்மனியில் துணியாக்கி, ரெசின் ஏற்றி, அச்சில் அழுத்துவார்கள். ஒரு காருக்காக இழை உலகத்தையே சுற்றி வந்தது. இவ்வளவும் செய்த பின் பேட்டரியோடு சேர்த்துக் காரின் எடை 1,200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஐ3-இன் கார்பன் ஏறக்குறைய முழுக்க உள்ளே, பயணிகள் உட்காரும் கூண்டில். கீழே மோட்டாரும் பேட்டரியும் உட்காரும் சட்டம் அலுமினியம். முன்னால் மோதினால் நசுங்குவதும் அந்த அலுமினியம்தான். வெளியே கண்ணுக்குத் தெரியும் ஃபெண்டர், கதவுத் தகடு எல்லாம் சாதாரண பிளாஸ்டிக். கூரையில் மட்டும் கார்பன் வெளியே தெரியும். உலகத்தின் மிகப் பிரபலமான கார்பன் கார் எலும்பைக் கார்பனில் செய்துவிட்டுச் சட்டையைப் பிளாஸ்டிக்கில் தைத்தது. நாம் எலும்பை இரும்பில் விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் கார்பனில் போட்டுக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம்.

ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் சோதனையில் ஐ3 வாங்கியது ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பெரியவர்களின் பாதுகாப்பில் நல்ல மதிப்பெண்தான். பாதசாரிகளின் பாதுகாப்பும் ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகளும்தான் அதைக் கீழே இழுத்தன. அதாவது கார்பன் கூண்டு என்பதற்காக யாரும் ஒரு நட்சத்திரம் கூட்டித் தரவில்லை. ஏர்பேக், பெல்ட், பிரேக் உதவி, பானெட்டின் மென்மை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மதிப்பெண்.

டைட்டன் நீர்மூழ்கியும் கார்பன் ஃபைபர்தானே? அது நொறுங்கிப் போயிற்றே!

ஆமாம். 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போய் ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டனின் உடல் கார்பன் உருளை. அதை வைத்துக் காரை எடைபோட வேண்டாம். கார்பன் இழை கயிறு மாதிரி. இழுத்தால் அசுர பலம். எல்லாப் பக்கமும் இருந்து அமுக்கும் ஆழ்கடல் அழுத்தத்தை, அதுவும் திரும்பத் திரும்ப, தாங்குவது அதன் இயல்பான வேலை அல்ல.

அதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு: பக்கவாட்டிலிருந்து கூர்மையாக விழும் அடி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 விமான இன்ஜினுக்குக் கார்பன் விசிறி இறக்கைகள் செய்தது. ஓடும் இன்ஜினுக்குள் கோழியை எறிந்து, பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது இறக்கைகள் தாங்கவில்லை. டைட்டேனியத்துக்கு மாறினார்கள். அந்த இன்ஜினுக்கு ஆன செலவு கைமீறிப்போய் 1971-இல் நிறுவனமே திவாலாயிற்று. கோழியால் விழுந்த கம்பெனி என்று கேலியாகச் சொன்னாலும், நிதிச் சிக்கலுக்கு வேறு காரணங்களும் இருந்தன.

கடையில் கிடைக்கும் கார்பன் பானெட்டை என் காரில் போடலாமா? பாதுகாப்பு குறையுமா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உண்மையான ஆபத்து இங்கேதான்.

கம்பெனி பானெட்டைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். சட்டத்தில் குறுக்கே பள்ளங்கள், துளைகள், மெலிந்த இடங்கள் இருக்கும். அவை அழகுக்கு அல்ல. முன்னால் மோதும்போது பானெட் நடுவில் கூடாரம் போல மேலே மடிய வேண்டும், கத்தி மாதிரி நேராகப் பின்னால் வந்து கண்ணாடியைத் துளைக்கக் கூடாது என்பதற்காக வைத்த மடிப்புக் கோடுகள். மலிவு கார்பன் பானெட்டில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. வெளித் தோற்றத்தை அச்செடுத்துச் செய்துவிடுவார்கள். மடியத் தெரியாத விறைப்பான பலகை கண்ணாடிக்கு எதிரே இருப்பது நல்லதல்ல.

அடுத்தது பூட்டு. பானெட்டைப் பிடித்துவைக்கும் கொக்கி உலோகம். அதை மெல்லிய கார்பன் தகட்டில் வெறுமனே ரிவெட் அடித்துப் பொருத்தினால் ஓட்டை மெல்ல மெல்லப் பெரிதாகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டிய வேகத்தில் பானெட் எழும்பிக் கண்ணாடியை அறைந்தது. லேசான பானெட் என்பதால் காற்று அதைத் தூக்குவதும் எளிது. பக்கத்துத் தடத்தில் லாரி இல்லாததால் தப்பினார். ரேஸ் கார்களில் பானெட்டுக்கு மேலே தனியாகக் கம்பிப் பூட்டு போடுவது ஸ்டைலுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இதற்காகத்தான்.

மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை: சாலையில் நடப்பவர். கார் ஒருவரை இடித்தால் அவர் தலை விழும் இடம் பானெட். இரும்புத் தகடு குழிந்து அந்தத் தலையை வாங்கிக்கொள்ளும். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருப்பதும் அதற்காகவே. பாதசாரிப் பாதுகாப்புக்கென்றே இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 100 என்ற விதி இருக்கிறது, தலை வடிவப் பொம்மையைப் பானெட்டில் எறிந்து சோதிப்பார்கள். கம்பெனி கார்பன் பானெட் செய்தால் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் விற்க முடியும். தனிப் பட்டறையில் செய்தது எந்தச் சோதனையையும் பார்த்திருக்காது. அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் தலைக்குச் சுவர். மெல்லியதாக இருந்தால் உடைந்து, தலை நேராக இன்ஜினில். நம் தெருக்களில் எத்தனை பேர் காருக்கு முன்னால் நடக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டிக்கி மூடி, ஸ்பாய்லர், கண்ணாடி உறை போன்றவற்றில் இந்தப் பிரச்சினைகள் மிகக் குறைவு. ஆசை தீர வேண்டுமென்றால் அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றினால் இன்னும் எடை குறையுமே?

வேண்டவே வேண்டாம். அது எலும்பு.

உடைந்த கார்பன் துண்டுகள் குத்திவிடாதா?

குத்தும். ஊசிபோன்ற சிம்புகள் வரும். ஃபார்முலா 1 கூண்டின் பக்கங்களில் கார்பனுக்கு மேல் ஸைலான் என்ற, துப்பாக்கிக் குண்டையும் தடுக்கவல்ல இழைத் தகட்டை ஒட்டச் சொல்வது இதனால்தான். சாலைக் காரின் வெளித் தகட்டில் உள்ளே இருப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு, வெளியே விழுந்து கிடப்பவருக்கும் மீட்க வருபவருக்கும் உண்டு. உடைந்த பகுதியை வெறும் கையால் தொட வேண்டாம். எரிந்த கார்பனாக இருந்தால் தூள் மூச்சில் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெசின் எரிந்துவிடும், நுண்ணிய இழைகள் காற்றில் மிதக்கும்.

சின்ன இடி பட்டால் டிங்கரிங் செய்ய முடியுமா?

முடியாது. இரும்பு குழிந்தால் சுத்தியலால் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். கார்பன் குழியாது. ஒன்று திரும்பப் பழைய நிலைக்கு வரும், அல்லது வெடிக்கும். மோசமானது மூன்றாவது: வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான் இங்கேயும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடத்தில் சத்தம் மொத்தையாக வரும். விமானப் பராமரிப்பிலும் இந்த முறை இன்றும் உண்டு, அதற்கு மேல் அல்ட்ராசவுண்ட் கருவி.

வெளித் தகடு என்றால் உடைந்த பகுதியைச் சரிவாகத் தேய்த்து, புதுத் துணி அடுக்கி, ரெசின் ஊற்றிச் சரிசெய்யலாம். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். கூண்டு அடிபட்டால் அது பட்டறை வேலையே அல்ல. லம்போர்கினி இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை விமானத்தில் அனுப்பி வைக்கிறது. அவர்களுக்குப் "பறக்கும் மருத்துவர்கள்" என்று பெயர். பில் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள்.

நம் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் தாங்குமா?

கார்பன் இழைக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. ரெசினுக்குத்தான் பிரச்சினை. புற ஊதாக் கதிரில் எபாக்ஸி மஞ்சளாகிப் பொரிந்துபோகும், மேலே நல்ல கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, இருந்தே ஆக வேண்டும். மே மாதத்தில் நிழலில்லாத இடத்தில் நிற்கும் கறுப்புத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது. உலையில் சுடாமல் அறைச் சூட்டிலேயே இறுக விட்ட மலிவு ரெசின் அந்தச் சூட்டில் இளகி, நெசவு வரிகள் மேலே தெரியத் தொடங்கும், பானெட்டின் விளிம்பு கோணும். அடியில் இன்ஜின் சூடு வேறு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது அலுமினியத்தையோ இரும்பையோ நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரிக்கும். கார்பன் துருப்பிடிக்காது, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் கீலும் துருப்பிடிக்கும். நல்ல வேலைக்காரர்கள் நடுவே ஒரு அடுக்குக் கண்ணாடி இழை வைத்துப் பிரிப்பார்கள். திருவான்மியூரில் வண்டி நிறுத்துபவர் வருடத்துக்கு ஒருமுறை அந்த போல்ட்டுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம், இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. ஸ்பாய்லர் மாதிரி சின்ன அலங்காரத்துக்கும் கூரையை அறுத்து கார்பன் ஒட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு, இரண்டாவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கூரை எலும்போடு சேர்ந்தது, வண்டி உருளும்போது அதற்கும் வேலை இருக்கிறது. என்ன மாற்றினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அவர்கள் சொல்வார்கள்.

விற்பவர் "ஒரிஜினல் கார்பன்" என்கிறார். எப்படி நம்புவது?

தராசில் வையுங்கள். சந்தையில் கிடைக்கும் பலவற்றில் மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணிதான் இருக்கும், அடியில் முழுக்கக் கண்ணாடி இழை. பார்க்க அச்சு அசலாக இருக்கும், எடை மட்டும் இரும்பு பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பின்பக்கத்தைப் பாருங்கள்: கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், நல்ல கார்பன்காரர் பின்பக்க நெசவையும் பெருமையாகக் காட்டுவார். உட்புறச் சட்டம் கார்பனா, கண்ணாடி இழையா, கொக்கி பதிக்கும் இடத்தில் உலோகத் துண்டு உள்ளே பதித்திருக்கிறதா, எந்தச் சூட்டில் இறுக விட்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் எதுக்கு சார், லுக்கு பாருங்க" என்று பதில் வந்தால், லுக்குக்கு மட்டும் என்ன விலையோ அதைக் கொடுங்கள். கார்பன் டிசைன் ஸ்டிக்கர் அதைவிட மலிவு, ஒட்டினால் உங்கள் பழைய இரும்பு பானெட்டின் மடிப்புக் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.